திரும்பி வந்த ஷோகேஸ்

துளை போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டாயிற்று, டிரில் மிஷினில் பிட்டை மாட்டி இறுக்கியாயிற்று, பிளக்கைச் சொருகி சுவிட்சையும் போட்டாயிற்று. இனி விரலை அழுத்த வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் நாச்சிமுத்துவால் செய்ய முடியவில்லை. தலையையும் ஒரு தோளையும் ஷோகேஸுக்குள் நுழைத்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, எதையோ தேடப் போய் எதைத் தேடினோம் என்று மறந்துவிட்டவரைப் போல அப்படியே இருந்தார். உள்ளே வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. கண்ணாடித் தட்டுகளை எல்லாம் உருவி வெளியே சுவரோரம் சாய்த்தாகிவிட்டது, உள்ளே வெறும் கூடு. ஆடி பிறக்க இன்னும் நாளிருந்தது, அதற்குள் வெளியே ஆடிக் காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கணவாய் வழியாக வரும் இந்தக் காற்று கோயமுத்தூரில் ஒட்டி உறவாடுகிற சொந்தக்காரன் மாதிரி, வந்தால் இரண்டு மாசம் இருந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். பால்கனியில் மகள் சிந்துஜா தொட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ருக்குமணி காலையிலேயே பல்லடத்தில் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள். செருப்பை மாட்டும்போது குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "நான் வர்றதுக்குள்ள புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொல்லமாட்டேன். வாக்குக் குடுத்தது நீங்கதானுங்க." நாளைக் காலையில் தாராபுரத்திலிருந்து சிந்துஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்கு அது இன்னும் தெரியாது.

வருகிறார்கள் என்று சொல்வதுகூடப் பெரிய காரியமில்லை. அவள் முகம் சுருங்கும், அப்புறம் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அவ்வளவுதான். போன வருஷம் பேச்செடுத்தபோது "இப்ப வேண்டாம்ங்கப்பா" என்றாள். அந்த 'இப்ப' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் ஜாதகத்தை வெளியே விட்டவர். சொல்லவிடாமல் தடுப்பது அதில்லை. அவர்களை என்ன சொல்லி வரவழைத்தோம் என்பதுதான். எப்போது தொடங்கியது அது? முதல் வரனாக வந்த சேலத்துக்காரர் கேட்டபோது. மொட்டை மாடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மொதக் கல்யாணத்துல பொண்ணு அங்க எத்தனை நாள் இருந்துதுங்க என்று அவர் கேட்டார். "ஆறேழு மாசம் இருக்குமுங்க." பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. மாப்பிள்ளை நவநீதன் கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போன நாட்களைக் கழித்தால் அப்படித்தானே வரும் என்று ஒரு சமாதானம். கரூர்க்காரரிடம் அது நாலைந்து மாசமாயிற்று. காங்கேயத்துக்காரரிடம் இன்னும் கொஞ்சம் இளைத்தது. சொல்லச் சொல்ல அந்த மாசங்கள் குளியலறைச் சோப்பு மாதிரிக் கரைந்துகொண்டே வந்தன. கடைசியில் தாராபுரத்துக்காரரிடம், "மூணே மாசமுங்க, அதுவும் பேருக்குத்தானுங்க கல்யாணம், சேர்ந்தே வாழலைங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு நிம்மதியான 'ஓ' கேட்டது. அந்த 'ஓ' அவருக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தாராபுரத்துப் பையனுக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவன் முதல் மனைவியோடு எத்தனை மாசம் இருந்தான் என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. சிந்துஜா நவநீதனோடு இருந்தது பதினாலு மாசம்.

மிஷின் கையில் கனத்தது. கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். பின்பலகைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசுக்குச் சொன்னார், மனசு கேட்கவில்லை. பெருந்துறை ஆசாரியிடம் தானே நின்று செய்வித்த ஷோகேஸ். வாசல் நிலைக்காகவென்று எடுத்து வைத்திருந்த தேக்கைக் கொடுத்து, கதவுக் கண்ணாடியில் ஓரம் இழைக்கச் சொல்லி, கீழே நாலு காலிலும் பித்தளைக் குப்பி போடச் சொல்லி, சீர் போகிற அன்று லாரியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பெட்ஷீட் சுற்றிக் கட்டியபோது கயிறு பாலிஷை அறுத்துவிடப் போகிறதே என்று டிரைவரோடு சண்டைக்குப் போனார். ருக்குமணி சிரித்தாள், "பொண்ணு போறதுக்கு அழுகறதா, ஷோகேஸ் போறதுக்கு அழுகறதா, எதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க." அதே ஷோகேஸ் விவாகரத்து முடிந்தபின் ஒரு வேலை நாளில் குட்டியானை வண்டியில் திரும்பி வந்தது. போகும்போது பழத்தட்டும் மேளமுமாக ஊரே பார்த்தது, வரும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் தன் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். அந்த மரியாதைதான் அன்றைக்கு அதிகமாக வலித்தது. கட்டிலும் பீரோவும் மேலே அறைக்குப் போயின. ஷோகேஸ் மாடிப்படித் திருப்பத்தில் ஏறவில்லை. அதனால் ஹாலிலேயே நின்றது, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, உள்ளே ஒன்றுமில்லாமல். ருக்குமணி ஒரு பொம்மைகூட வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஒருநாள் சிந்துஜா பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு அதை மூடினாள். பாவம், அவளால் பார்க்க முடியவில்லை என்று அவர் நினைத்தார், வாரத்துக்கு ஒருமுறை அவள் ஆபீஸ் போனபின் பெட்ஷீட்டை விலக்கித் துடைத்துவிட்டு மறுபடி மூடி வைத்தார். எதற்குத் துடைத்தார் என்று ருக்குமணி கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அது இன்னொரு தடவை லாரி ஏறும். ஏறுகிறபோது ஒரு கீறல் இருக்கக்கூடாது. சாமான் எல்லாம் பிரிக்காத மாதிரி அப்படியே புதுசா இருக்குதுங்க என்று தாராபுரத்துக்காரரிடம் சொன்னபோது சாமானைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா?

போன வாரம் சிந்துஜா வந்து நின்றாள். "இந்த ஷோகேஸ நான் எடுத்துக்கட்டுங்களாப்பா?" எதற்கென்று கேட்டார். செடிக்கு என்றாள். பால்கனியில் வைத்த செடிகளின் இலை ஓரமெல்லாம் ஆடிக் காற்றில் கருகிப்போகிறது, ஹாலுக்குள் வைத்தால் வெளிச்சம் போதவில்லை, இதற்குள் லைட் கட்டி, அடியில் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, கதவிடுக்கில் பஞ்சு டேப் ஒட்டி, மேலே ஒரு குட்டி ஃபேன் வைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும் என்று கையால் காற்றில் படம் போட்டுக் காட்டினாள். திரும்பி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் எதையும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லாமல் தின்றுவிட்டுப் போகிறவள். இவளுக்கு எப்படி முடியாது என்பது? சரி சாமி என்றார். சொன்னபிறகுதான் தேக்கு ஞாபகம் வந்தது. ஆனால் கைக்கு வேறு புத்தி. மில்லில் நூல் பிரிவில் காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகத் தண்ணீரைப் பொடியாக்கி உள்ளே அனுப்புகிற பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டே ரிட்டயரானவர் அவர். கோடையில் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தது போலிருக்கும், பெண்களெல்லாம் அந்தக் காற்றுக்காகவே ஷிப்டுக்குச் சீக்கிரம் வருவார்கள். அந்தக் காற்றை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றதும் கை பரபரத்தது. பலகைக்குக் கீழே தண்ணீர் இறங்காமலிருக்க எபாக்ஸி அடித்தது அவர்தான். கண்ணாடித் தட்டு வேண்டாம், காற்று சுற்றாது, கம்பி வலைத் தட்டு போடு என்றதும் அவர்தான். அளவெடுத்து, வெட்டி, ராவி, ஒரு வாரமாக அப்பனும் மகளும் இந்த ஷோகேஸுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிய பேச்சு இரண்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். பாதியில் நிறுத்த மனசு வரவில்லை. லைட் ஒயர் போகிற துளை ஒன்றைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார், இன்றைக்குத் தள்ள இடமில்லை.

பயம். அதற்குப் பேர் பயம்தான், சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. துளை போட்டால் இது ஷோகேஸ் இல்லை. எந்த வீட்டுக்கும் சீராகப் போகாது. இங்கேயே நிற்கும். அவளும் இங்கேயே நிற்பாள். செடி வளர்க்கிறவர்கள் ஊர் விட்டு ஊர் போக யோசிப்பார்கள், தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்பார்கள், அப்படியே வருஷம் போய்விடும். ருக்குமணிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, இரண்டு பேரும் போனபிறகு இந்த ஹாலில் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையாக நாலு இலை, அதைப் பார்த்துக்கொண்டு தட்டில் தனியாகச் சோறு போட்டுத் தின்பாள். இதுதான் அவருக்கு வருகிற காட்சி, பகலிலும் வரும், பஸ்ஸில் வரும், பல் துலக்கும்போது வரும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டில் ரசம்சோறு மட்டும் இருக்கும், பொரியல் இருக்காது, ஏன் அப்படி என்று அவருக்கே புரியாது. அந்தத் தட்டுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? ருக்குமணியே ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வாழ்ந்தது வாழ்ந்ததுதானுங்க. அதை அழிக்க நீங்க ஆருங்க?" என்று நேற்றுக் கேட்டாள். அழிக்கவில்லையே, கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். என்ன குறைந்துவிட்டது? அந்த வீட்டில் என்ன சுகத்தைக் கண்டாள் அவள்? அவன் கனடா போனான், போன இடத்தில் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டான், போன் நின்றது, வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த நாட்களை யாராவது வாழ்ந்த நாள் என்று எண்ணுவார்களா, அது மாதிரித்தானே அந்தப் பதினாலு மாசமும் என்று இதையும் அவர் பலமுறை தனக்குத்தானே கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் குறுக்குச் சட்டம் ஏதாவது ஓடுகிறதோ என்னமோ, ஓடினால் பிட் உடைந்துவிடும். ஆசாரியிடம் நின்று செய்வித்தவருக்குச் சட்டம் எங்கே ஓடுகிறதென்று நன்றாகத் தெரியும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கிடைத்ததே என்று உடம்பு லேசானது. வெறும் கூடுதான், ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல அசைத்துச் சுவரிலிருந்து நகர்த்தினார். பித்தளைக் குப்பிகள் தரையில் கீச்சிட்டன. வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே நின்ற முதுகு அது. ஒட்டடை, ஒரு செத்த பல்லிக்குஞ்சு, அப்புறம் கீழ்மூலையில் மரக்கலரிலேயே ஒரு டேப், சதுரமாக. உள்பக்கமும் அந்த இடத்தில் டேப் இருந்தது ஞாபகம் வந்தது. ஆசாரி கணு இருந்த இடத்தை மறைத்து ஒட்டியிருப்பான் என்று இத்தனை நாள் அதன் மேலேயே துடைத்திருக்கிறார். நகத்தால் கிளறினார். டேப் உரிந்து வந்தது. உள்ளே ஓட்டை. ஓட்டை என்றுகூடச் சொல்ல முடியாது, எலி கடித்த மாதிரி ஒரு பொத்தல், சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள், பின்பலகையின் தேக்குப் பிளைவுட் பிய்ந்து சிராய் சிராயாக நின்றது. நாச்சிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பாவிகளா. டிவி ஒயர் இழுத்திருக்கிறார்கள். நான் ஒரு கீறல் விழக்கூடாதென்று லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றால், இவர்கள் கோடாலியால் கொத்துகிற மாதிரிக் கொத்தி, அப்புறம் ஒன்றும் நடக்காதது போல் டேப் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தவன் பெற்ற பெண்ணையும் அப்படித்தானே செய்தார்கள். விரலைப் பொத்தலுக்குள் விட்டார், சிராய் குத்தியது, எடுக்கவில்லை. பின்னால் காலடி கேட்டது. சிந்துஜா நெஞ்சோடு ஒரு தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள், கையெல்லாம் மண்.

"என்னங்கப்பா, நகத்தீட்டீங்களா? கூப்பிட்டிருந்தா நான் ஒரு பக்கம் புடிச்சிருப்பேன்ல."

"பாரு கண்ணு. பாரு, அந்த வீட்ல பண்ணி வெச்சிருக்கற வேலைய. தேக்குங்கற மட்டு மருவாதி இருக்குதா? டிவிக்கு ஒயர் இழுக்கறவன் ஒரு மனுசன வெச்சுப் போடக்கூடாது?"

அவள் எட்டிப் பார்த்தாள். தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது நாங்க போட்டதுங்கப்பா."

"நாங்கன்னா?"

"நானும் அவருந்தான்." முழங்கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். "லைட்டு ஒயர் போறதுக்கு. அங்கயும் இதுக்குள்ள செடிதான் வெச்சிருந்தோம். ஒரு ஞாயித்துக்கெழமை பக்கத்து வீட்ல மிஷின் எரவல் வாங்கிட்டு வந்தாரு. அவருக்கு மிஷின் புடிக்கவே வராதுங்கப்பா. பெரிய பிட்டும் இல்ல. சின்னதுல சுத்தியும் ஓட்டை போட்டு, நடுவுல இருக்கறதக் காய் நறுக்கற கத்தியில குத்தி எடுத்தாரு. பொளந்துக்கிச்சு. நான் சிரிச்ச சிரிப்புல கோவிச்சுட்டு மொட்டமாடியில போயி உக்காந்துக்கிட்டாரு." சொல்லிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்கின. "காப்பி எடுத்துட்டுப் போயி சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்."

"உங்கத்தை ஒண்ணும் சொல்லுலியா?"

"அத்தைங்களா? சாயந்தரம் ஆனா சேரப் போட்டுட்டு இதுக்கு முன்னாடிதான் உக்காருவாங்க. லைட்டு போட்டதும் கன்னத்துல போட்டுக்குவாங்க, சாமிக்குப் போடற மாதிரி."

"டேப்பு?"

"சாமான் ஏத்தறப்ப நாந்தான் ஒட்டுனேன். ஓட்டையப் பாத்தா நீங்க சங்கடப்படுவீங்கன்னு." கொஞ்சம் தயங்கினாள். "பெட்ஷீட்டும் அதுக்குத்தான். நீங்க இதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. என்னால பாக்க முடியலைங்கப்பா."

என்னால பாக்க முடியலை என்று அவள் சொன்னது ஷோகேஸை இல்லை, அவரை. இரண்டு வருஷமாக மகளுக்காக என்று அவர் துடைத்து மூடி வைத்ததை மகள் அவருக்காக மூடி வைத்திருக்கிறாள். அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பதினாலு மாசத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று அவருக்கு ஏன் தோன்றவே இல்லை? ஞாயிறு இருந்தால் திங்கள் இருந்திருக்கும், காப்பி இருந்திருக்கும், இரவல் கேட்கப் பக்கத்து வீடு இருந்திருக்கும், மாடியில் ஒருத்தன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒருத்தி டம்ளரோடு படியேறியிருப்பாள். இப்படி அவள் சிரித்துக் கடைசியாக எப்போது பார்த்தார்? காலேஜில்? அதற்கும் முன்னாலா? நவநீதன் மேல் வந்த கோபம் இன்னும் கூடத்தான் செய்தது. ஆரம்பத்திலிருந்தே அயோக்கியனாக இருந்திருந்தால் மனசுக்கு எவ்வளவு சுலபம். கத்தியால் குத்திக் குத்திப் பொத்தல் போட்டு, இவளை இப்படிச் சிரிக்க வைத்தவன் அப்புறம் எப்படிப் போனான்? எப்படியோ போனான். போனது அவன் பாவம். இருந்தது பொய்யாகிவிடுமா? சேர்ந்தே வாழலைங்க. யார் சொன்னது? நான். இந்த வாய். அவள் வாழ்ந்த வீட்டை, சேர் போட்டு உட்கார்ந்த அந்தக் கிழவியை, எல்லாவற்றையும் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஒரு 'ஓ'வுக்காகக் காற்றில் விட்டேன். அவமானமாக இருந்தது, காது மடல் வரைக்கும் சுட்டது. சொல்லிவிடலாம், இப்போதே, சாமி நான் ஒண்ணு சொல்லணும் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு. "அப்ப புதுசா ஓட்டை வேண்டாம். இதையே ராவி வட்டமாக்கி, ரப்பர் வளையம் ஒண்ணு சொருகிப்போடலாம்." அவள் தலையாட்டினாள். அவர் அரத்தை எடுத்தார், அவள் உள்ளேயிருந்து பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிராய்கள் ஒவ்வொன்றாகப் போயின. மரத்தூள் பறந்து வியர்வையில் ஒட்டியது. கோணல் மட்டும் முழுசாகப் போகவில்லை, எவ்வளவு ராவியும் ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாகவே இருந்தது, அதற்கு மேல் ராவ வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒயரை உள்ளே விட்டபோது போன் அடித்தது.

தாராபுரத்துக்காரர். மில் சத்தத்தில் காது மந்தமானதிலிருந்து நாச்சிமுத்து போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இந்த விஷயம் பேசும்போது மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். இப்போது ஒரு கை ஒயரில் இருந்தது, முட்டி மடிந்து கிடந்தது, பழக்க தோஷத்தில் கட்டைவிரல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது. அணைக்கலாமென்று தேடுவதற்குள் அந்தக் குரல் ஹாலில் நிறைந்துவிட்டது.

"வணக்கமுங்க. நாளைக்கு நாங்க ராவுகாலத்துக்கு முன்னாடியே வந்தர்றோமுங்க. பையன், நானு, எங்கம்மா, அப்பறம் என்ற மச்சான். டிபன் எல்லாம் வேண்டாமுங்க, காப்பி போதும்."

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து. சிந்துஜாவைப் பார்க்கவில்லை. ராவிய துளை வழியாக, ஷோகேஸுக்குள் பலகையை அழுத்திக்கொண்டிருந்த அவள் கை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணுங்க, தப்பா நெனைக்கக் கூடாது. எங்கம்மா பழைய காலத்து மனுசி. மூணு மாசம், பேருக்குத்தான், சேர்ந்து வாழலைன்னு நீங்க சொன்னத நான் சொன்னேன். இருந்தாலும் பொண்ணு வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா அவங்களுக்குத் திருப்தி ஆயிருமுங்க. தனியாத்தான் கேப்பாங்க, சபையில இல்லீங்க. பொண்ணுகிட்டச் சொல்லி வெச்சிருங்க."

கை ஷோகேஸுக்குள்ளிருந்து வெளியே போயிற்று. அவள் எழுந்து நிற்கிறாள் என்பது ஷோகேஸுக்கு அடியில் தெரிந்த பாதங்களில் புரிந்தது. நாளைக்கு இவளை ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். கட்டிலில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, நீ சிரிக்கவில்லைதானே என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லு என்று அப்பன் சொல்லிவைத்து அனுப்ப வேண்டும். அந்தத் தட்டு வந்தது, ரசம்சோறு, விளக்கு. வரட்டும் என்று விட்டார். எழுந்து நிற்க முயன்றார், கால் மரத்துப் போயிருந்தது, அதனால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"இல்லீங்க," என்றார். குரல் பெரிதாகத்தான் வந்தது. "மூணு மாசம் இல்லீங்க. பதினாலு மாசம். என்ற பொண்ணு அந்தப் பையனோட நல்லாக் குடும்பம் நடத்துனாளுங்க. சந்தோசமா இருந்தாளுங்க. பின்னால அவன் போயிட்டான், அது வேற. நான் உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. யாரோ தூரத்தில் 'என்னவாமா' என்றார்கள்.

"அப்படீங்களா," என்றது குரல். "நேத்தே சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கோணும்."

"வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க." கலந்துகொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. போன் அணைந்தது.

காற்று ஜன்னலை ஒருமுறை பலமாக இடித்துவிட்டு ஓய்ந்தது. நாச்சிமுத்து மடியில் விழுந்திருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார், தட்டிவிட்டதையே மறுபடி தட்டினார். அழுவாள் என்று நினைத்தார். கத்தினால் தேவலை என்று நினைத்தார். அவள் சுவரோரம் போய்ப் பிரம்பு மோடாவை எடுத்து வந்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மண் காய்ந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள்.

"எத்தன பேர்த்துகிட்டங்கப்பா இப்பிடிச் சொன்னீங்க?"

குறைத்துச் சொல்ல வாய் ஒரு கணம் துடித்தது. "நாலு பேரு சாமி. இவரோட சேத்தி."

"மத்த மூணு பேரு?"

"சேலம், கரூரு, காங்கேயம். அவியெல்லாம் அப்பவே வேண்டாம்னுட்டாங்க. ஜாதகம் ஒத்து வரலைன்னு ஒருத்தரு, இன்னொருத்தரு என்னமோ சொன்னாரு. அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"அவங்களுக்கும் பண்ணிச் சொல்லுங்க."

"இனி எதுக்குங் கண்ணு? அவிய வரப் போறதில்ல. நம்மள மறந்தே போயிருப்பாங்க."

"பரவால்லைங்க. பண்ணுங்க." கோபமில்லை அந்தக் குரலில், இருந்திருந்தால் அவரால் தாங்க முடிந்திருக்கும். "எங்கயோ மூணு வீட்ல என்னையப் பத்தி அப்பிடி நெனச்சுட்டு இருக்காங்க. எனக்கு அது வேண்டாம்ங்கப்பா."

நாச்சிமுத்து சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். ஒரு பக்கக் கண்ணாடியில் மரத்தூள் படிந்திருந்தது, துடைக்கவில்லை. போனில் பெயர்கள் மேலே மேலே ஓடின. காங்கேயத்துக்காரர் பெயரில் விரலை வைத்தார். மணி போயிற்று. மாடிக்குத் தூக்கிக்கொண்டு எழப் போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார், இரண்டு பேருக்கும் நடுவில். வெகுநேரம் அடித்தபின் ஒரு பெண்குரல் எடுத்தது. ஆருங்க என்று கேட்டது.

"கோயமுத்தூரு நாச்சிமுத்து பேசறனுங்க," என்றார். "என்ற பொண்ணு விசயமா உங்ககிட்ட முன்னால ஒண்ணு தப்பாச் சொல்லிட்டனுங்க."